அழைத்தது யார்? தொலைபேசி மோசடியைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று ஓர் அழைப்பு வருகிறது. பேசுபவர் நிஜமாகவே வங்கி ஊழியரா, ஏமாற்றுக்காரரா? குரல், மொழி, பேசும் தோரணை, பின்னணியில் கேட்கும் அலுவலகச் சத்தம் எல்லாவற்றையும் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். முடியாது. நன்றாகத் தேறிய மோசடிக்காரர் உண்மையான ஊழியரைவிடப் பணிவாகப் பேசுவார், பொறுமையாகப் பதில் சொல்வார், நம் பெயரைச் சரியாக உச்சரிப்பார். (வாடிக்கையாளர் சேவையை அழைத்துப் பழகியவர்களுக்கு அதுவே சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும்.)

ஆகவே மோசடிக்காரரை அடையாளம் காண்பது எப்படி என்று இங்கே அதிகம் பேசப்போவதில்லை. அடையாளம் காண வேண்டிய தேவையே இல்லாமல் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. போனை வைத்துவிட்டு, நமக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்பது. அழைத்தவர் நிஜமான ஊழியர் என்றால் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை, நான்கு நிமிடம் தாமதமாகும். மோசடிக்காரர் என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். அழைப்பு அவர்கள் கையில் இருந்து நம் கைக்கு மாறுவதுதான் இதில் விஷயம்.

கேட்க இவ்வளவு சுலபமாக இருக்கிறதே, பிறகு ஏன் படித்தவர்கள், அதிகாரிகள், கணினித் துறையில் இருப்பவர்கள் எல்லாரும் ஏமாறுகிறார்கள்? அந்த நேரத்தில் போனை வைக்க விடாமல் நம்மைப் பிடித்து வைத்திருப்பது எது, வைத்த பிறகும் எங்கே சறுக்குகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

திரையில் தெரியும் எண்

முதல் சறுக்கல் இங்கேதான். வங்கியின் எண்ணே திரையில் தெரிகிறது, அப்புறம் என்ன சந்தேகம் என்று தோன்றும். ஆனால் அழைப்பவரின் எண் என்பது கடித உறையில் எழுதும் அனுப்புநர் முகவரி மாதிரி. யாருடைய முகவரியை வேண்டுமானாலும் எழுதலாம், கொண்டுவந்து போடுபவர் அதைச் சரிபார்ப்பதில்லை.

தொலைபேசி வலையமைப்புகள் உருவான காலத்தில் நாட்டுக்கு ஒன்றிரண்டு நிறுவனங்களே இருந்தன. ஒன்று அனுப்பும் தகவலை மற்றொன்று அப்படியே நம்பி ஏற்றுக்கொண்டது. இணையம் வழியாகப் பேசும் வசதி பரவிய பிறகு, அழைப்பை உருவாக்கும் மென்பொருளிலேயே 'அழைப்பவர் எண்' என்ற கட்டத்தில் வேண்டியதை நிரப்ப முடிந்தது. இதற்கு நியாயமான பயனும் உண்டு. ஒரு கால் சென்டரில் நூறு பேர் நூறு இணைப்புகளிலிருந்து பேசினாலும் வாடிக்கையாளருக்கு நிறுவனத்தின் பொது எண் தெரிவது இந்த வசதியால்தான். அதே கதவு வழியாக மோசடிக்காரரும் உள்ளே வந்துவிட்டார்.

இதை அடைக்க முயற்சி நடக்காமல் இல்லை. அமெரிக்காவில் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் 2021 ஜூன் 30-க்குள் 'ஸ்டிர்/ஷேக்கன்' என்ற முறையைக் கொண்டுவர வேண்டும் என்று விதித்தார்கள். அழைப்பு கிளம்பும் இடத்தில் அந்த எண்ணுக்கு டிஜிட்டல் கையொப்பம் இடுவார்கள், போய்ச் சேரும் இடத்தில் அதைச் சரிபார்ப்பார்கள். ஆனால் இணைய நெறிமுறையில் ஓடும் வலையமைப்பில்தான் இது வேலை செய்யும். வழியில் எங்காவது பழைய இணைப்பகம் குறுக்கிட்டால் கையொப்பம் அங்கேயே தொலைந்துவிடும். அதோடு, எண் உண்மையானது என்பதற்கும் பேசுபவர் நேர்மையானவர் என்பதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. பாதுகாப்புக்கென்று வங்கியின் எண்ணை 'என் வங்கி' என்ற பெயரில் போனில் சேமித்து வைக்கிறீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் யாராவது அந்த எண்ணைப் போலியாகக் காட்டி அழைத்தால், உங்கள் போன் கடமை தவறாமல் 'என் வங்கி' என்றே திரையில் காட்டும். நாம் வைத்த பெயரே நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும். ஆகவே சேமித்த எண் நாம் அழைப்பதற்கு மட்டுமே பயன்படும். வரும் அழைப்பை நம்புவதற்கு அது ஆதாரமாகாது.

குறுஞ்செய்தியிலும் இதே கதைதான். பல நாடுகளில் அனுப்புபவர் பெயர் என்பது வெறும் எழுத்துகள். அதே பெயரைப் போட்டு அனுப்பினால், வங்கியிலிருந்து வழக்கமாக வரும் உண்மையான செய்திகளுக்கு அடியிலேயே போலிச் செய்தியும் போய் உட்கார்ந்துகொள்ளும். வாட்ஸ்அப்பில் காவல்துறை சின்னமோ மேலதிகாரியின் புகைப்படமோ தெரிவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். படம் வைக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

ஓர் அழைப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

"வணக்கம் மேடம், உங்கள் வங்கியின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து பேசுகிறேன். இப்போதுதான் உங்கள் கார்டில் பெரிய தொகைக்குப் பொருள் வாங்க முயற்சி நடந்திருக்கிறது. நீங்கள் செய்ததா?"

"ஐயோ, இல்லையே!"

"அப்படித்தான் நினைத்தேன், அதனால்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். கார்டின் கடைசி நான்கு இலக்கங்களைச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள்."

"ஆமாம், சரிதான்."

"இப்போது ரத்து செய்கிறேன். ஒரு செய்தி வரும். வங்கியின் பெயரில்தான் வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்."

"வந்துவிட்டது, வங்கி பெயர்தான்."

"அதில் ஆறு இலக்க ரத்து எண் இருக்கும். சொன்னீர்கள் என்றால் உடனே முடித்துவிடலாம். கொஞ்சம் சீக்கிரம் மேடம், மூன்று நிமிடத்தில் காலாவதியாகிவிடும்."

இந்தச் சின்ன உரையாடலில் எத்தனை வேலை நடந்திருக்கிறது பாருங்கள். கெட்ட செய்தியைச் சொன்னவரே காப்பாற்றவும் வந்துவிட்டார். நாம் ஏதோ கொடுக்கப்போகிறோம் என்ற உணர்வே வரவில்லை, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்கிறோம் என்றுதான் தோன்றுகிறது. எதையாவது இழக்கப்போகிறோம் என்ற பயம் வந்துவிட்டால் மனசு வேறு எதையும் யோசிக்காது.

அடுத்து, கடைசி நான்கு இலக்கங்கள். அவை அவருக்குத் தெரிந்திருப்பதே அவர் வங்கி ஆள் என்பதற்குச் சான்றாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த நான்கு இலக்கங்கள் ரசீதுகளில் அச்சாகின்றன. பெயர், முகவரி, பிறந்த தேதி, எந்த வங்கி, கடைசியாக என்ன வாங்கினோம் என்பதெல்லாம் ஏதோ ஒரு நிறுவனத்தின் தகவல் களவு போனபோது மொத்தமாக வெளியே போயிருக்கலாம். நம்மைப் பற்றி ஒருவருக்கு நிறையத் தெரிந்திருக்கிறது என்றால், அவர் நம்மைப் பற்றி நிறையத் தெரிந்தவர். அதற்கு மேல் ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை.

மூன்றாவதுதான் இதில் கெட்டிக்காரத்தனமான இடம். வந்த செய்தி போலி இல்லை. நிஜமாகவே வங்கி அனுப்பியதுதான். பேசிக்கொண்டிருக்கும்போதே மறுமுனையில் இருப்பவர் வங்கியின் தளத்திலோ ஏதோ ஒரு கடையின் தளத்திலோ நம் கார்டு விவரங்களைப் போட்டு 'செலுத்து' என்ற பொத்தானை அழுத்தினார். அதனால் வங்கி நமக்கு ஓடிபி அனுப்பியது. "வங்கி பெயரில்தான் வருகிறதா பாருங்கள்" என்று அவர் சொன்னது, வங்கியின் உண்மையான செய்தியைத் தன் அடையாள அட்டையாக மாற்றிக்கொள்வதற்காக. அந்தச் செய்தியை முழுதாகப் படித்தால் 'இந்தத் தொகையை இன்னாருக்குச் செலுத்த' என்றும், 'யாரிடமும் பகிர வேண்டாம்' என்றும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஆனால் நாம் படிக்கும் மனநிலையில் இல்லை. ஆறு இலக்கங்களைத் தேடும் மனநிலைக்கு நம்மைக் கொண்டுவந்துவிட்டார்.

ரத்து செய்வதற்கு வாடிக்கையாளர் எந்த எண்ணையும் சொல்ல வேண்டியதே இல்லை. வங்கி ஒன்றைத் தடுக்க நினைத்தால் அதுவே தடுத்துவிடும். மூன்று நிமிடத்தில் காலாவதியாகும் என்பது மட்டும் உண்மை. அந்த உண்மையையும் நம்மை விரட்டுவதற்கே பயன்படுத்திக்கொண்டார்.

கதை மாறும். பார்சலில் போதைப்பொருள், வரி பாக்கி, மின்சாரத் துண்டிப்பு, கணினியில் வைரஸ், பரிசு, வேலை, கடன், காப்பீட்டுத் தொகை என்று ஊருக்கும் காலத்துக்கும் தகுந்தபடி புதிது புதிதாக வரும். ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்வதில் பயனில்லை, நீங்கள் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்திருக்கும். உள்ளே இருக்கும் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது: அவர்கள் அழைத்தார்கள், அவசரம் என்றார்கள், இணைப்பில் இருக்கும்போதே ஏதோ ஒன்றைச் செய்யச் சொன்னார்கள்.

போனை வைக்க விடாத வித்தை

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். மோசடிக்காரருக்கு நம் பணத்தைவிட முதலில் தேவைப்படுவது நம் தனிமை. பக்கத்து அறையில் இருக்கும் மகளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருடைய மாதக்கணக்கு உழைப்பு வீணாகிவிடும். அதனால்தான் "இது ரகசிய விசாரணை, யாரிடமும் சொல்லாதீர்கள்", "வங்கி ஊழியர்களே இதில் உடந்தை, அவர்கள் கேட்டால் வேறு காரணம் சொல்லுங்கள்", "இணைப்பைத் துண்டித்தால் கைது செய்ய ஆள் வரும்" என்றெல்லாம் சொல்கிறார்கள்.

இந்தியாவில் 'டிஜிட்டல் கைது' என்ற பெயரில் நடப்பது இந்த வித்தையின் உச்சம். சீருடை அணிந்தவர் வீடியோ அழைப்பில் வருவார், பின்னால் காவல் நிலையம் போன்ற அரங்கம் இருக்கும், முத்திரை குத்திய கடிதம் வாட்ஸ்அப்பில் வந்து விழும். கேமராவை அணைக்கக் கூடாது, அறையை விட்டு நகரக் கூடாது என்று மணிக்கணக்கில், சிலரை நாட்கணக்கில்கூட அப்படியே உட்கார வைத்திருக்கிறார்கள். பிரதமர் 2024 அக்டோபர் 27 அன்று தன் வானொலி உரையில் பேசி எச்சரிக்கும் அளவுக்கு இது பரவியது. சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. எந்த விசாரணை அமைப்பும் வீடியோ அழைப்பில் கைது செய்யாது, சரிபார்த்துத் திருப்பித் தருகிறோம் என்று பணத்தை மாற்றச் சொல்லாது.

ஆனால் "சட்டத்தில் இல்லை" என்று தெரிந்துவைத்திருப்பது மட்டும் போதாது என்பது என் அபிப்பிராயம். பயத்தில் இருக்கும் ஒருவருக்குச் சட்டம் ஞாபகம் வராது. யாரிடமும் சொல்லாதே என்று ஒருவர் சொன்னால், அதுவே உடனே யாரிடமாவது சொல்ல வேண்டிய நேரம் என்று பழகிக்கொள்வது அதைவிடச் சுலபம். வயதான பெற்றோருக்கு நூறு வகை மோசடிகளை விளக்குவதைவிட, "யாராவது போனில் பயமுறுத்தினால் எனக்குச் சொல்லுங்கள், எந்த நேரமானாலும் பரவாயில்லை, திட்ட மாட்டேன்" என்று சொல்லி வைப்பது அதிகம் பயன்படும். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள் ரொம்ப முக்கியம். திட்டு விழும் என்ற பயத்தில் மறைப்பவர்கள்தான் இரண்டாவது தடவையும் பணம் அனுப்புகிறார்கள்.

தெரிந்த குரலே பேசினால்?

ஜப்பானில் 2000-களின் தொடக்கத்திலேயே ஒரு மோசடி பரவியிருந்தது. முதியவருக்கு அழைத்து "நான்தான், நான்தான்" என்று பதற்றமாகச் சொல்வார்கள். பெயரே சொல்ல மாட்டார்கள். "யாரு, தம்பியா?" என்று முதியவரே பெயரை எடுத்துக் கொடுப்பார். அதன்பின் விபத்து, வழக்கு, அலுவலகப் பணத்தைத் தொலைத்துவிட்டேன் என்று கதை போகும். குரல் வித்தியாசமாக இருக்கிறதே என்றால் ஜலதோஷம்.

இப்போது ஜலதோஷம் தேவையில்லை. ஒருவர் பேசிய சில விநாடி ஒலிப்பதிவு கிடைத்தால் அவர் குரலிலேயே பேசவைக்கும் மென்பொருட்கள் வந்துவிட்டன. 2019-இல் வெளியான ஒரு சம்பவத்தில், பிரிட்டனைச் சேர்ந்த ஓர் எரிசக்தி நிறுவனத்தின் தலைவர், ஜெர்மனியில் இருக்கும் தாய் நிறுவனத்தின் மேலதிகாரிதான் பேசுகிறார் என்று நம்பி 2,20,000 யூரோவை அனுப்பினார். குரலின் ஜெர்மானியச் சாயல் வரை ஒத்துப்போயிருந்ததாம். 2024-இல் ஹாங்காங்கில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், நிதித் தலைவர் உள்படப் பலர் இருந்த வீடியோ கூட்டத்தில் கலந்துகொண்டு, சொன்னபடி பதினைந்து தவணைகளில் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். கூட்டத்தில் அவரைத் தவிர மற்ற எல்லா முகங்களும் கணினி உருவாக்கியவை. இத்தனைக்கும், முதலில் வந்த மின்னஞ்சலைப் பார்த்து அவர் சந்தேகப்பட்டிருக்கிறார். தெரிந்த முகங்களைப் பார்த்ததும் சந்தேகம் கரைந்துவிட்டது.

இதற்கு மருந்து தொழில்நுட்பத்தில் இல்லை. மகன் குரலில் யாராவது பணம் கேட்டால், போனை வைத்துவிட்டு மகனின் வழக்கமான எண்ணுக்கு அழையுங்கள். "போன் உடைந்துவிட்டது, இது நண்பனின் எண்" என்ற கதை வந்தாலும் பழைய எண்ணை ஒரு முறை அழைத்துப் பாருங்கள். எடுக்கவில்லையா, அவனுடைய மனைவிக்கோ நண்பனுக்கோ அழையுங்கள். குடும்பத்துக்குள் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ளச் சொல்பவர்களும் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த வார்த்தை யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. சமூக வலைத்தளங்களில் கிடைக்காத ஏதாவது ஒன்றைக் கேட்பது இன்னும் இயல்பாக இருக்கும்: "போன வாரம் எதற்காக நாம் சண்டை போட்டோம்?"

திரும்ப அழைப்பதிலும் ஒரு சூட்சுமம்

சரி, போனை வைத்துவிட்டோம். இப்போது எந்த எண்ணுக்கு அழைப்பது? இங்கேதான் ஜாக்கிரதையானவர்களும் விழுகிறார்கள்.

தேடுபொறியில் வங்கி பெயரோடு 'கஸ்டமர் கேர்' என்று போட்டுத் தேடினால் வரும் முதல் எண்ணே போலியாக இருக்கலாம். மோசடிக்காரர்கள் விளம்பரம் கொடுத்து மேலே வருகிறார்கள், போலித் தளங்கள் வைக்கிறார்கள், இணைய வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம் என்ற வசதியைப் பயன்படுத்தி எண்ணை மாற்றிவிடுகிறார்கள். இதில் கொடுமை என்னவென்றால், இந்த முறை அழைத்தது நாம்தான், அதனால் சந்தேகமே வராது. கார்டின் பின்புறம், பாஸ்புக், பழைய ஸ்டேட்மென்ட், வங்கியின் சொந்த செயலி, இவற்றில் இருக்கும் எண்ணையே எடுங்கள். அழைத்தவர் கொடுத்த எண் மட்டும் வேண்டவே வேண்டாம். "சந்தேகமாக இருந்தால் இந்த எண்ணில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவரே தாராளமாகச் சொல்வார். மறுமுனையில் அவருடைய கூட்டாளி காத்திருப்பார்.

லேண்ட்லைனில் இன்னொரு பழைய தந்திரம் உண்டு. பிரிட்டனில் இதைவைத்துப் பலரை ஏமாற்றினார்கள். அழைக்கப்பட்டவர் ரிசீவரை வைத்தாலும், அழைத்தவர் வைக்காதவரை இணைப்பு கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். மோசடிக்காரர் அந்த இடைவெளியில் டயல் டோனைப் போலியாக ஒலிக்கவிடுவார். நாம் வங்கியின் எண்ணைச் சுழற்றுவோம், பேசுவது என்னவோ அதே கும்பல்தான். பின்னர் அங்கே நிறுவனங்கள் இந்த இடைவெளியைக் குறைத்துவிட்டன. இருந்தாலும் லேண்ட்லைன் என்றால் வேறு போனிலிருந்து அழைப்பது நல்லது.

மிஸ்டு கால் விஷயம் சின்னது. அறிமுகமில்லாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு மணி அடித்து நின்றால் திரும்ப அழைக்க வேண்டாம். அதிகக் கட்டணம் பிடிக்கும் எண்ணாக இருக்கலாம். உண்மையிலேயே வேண்டியவர் என்றால் மறுபடி அழைப்பார்.

இணைப்பில் இருக்கும்போது தொடக்கூடாதவை

எவ்வளவு சொன்னாலும் சில நேரம் போனை வைக்க முடியாமல் பேசிக்கொண்டுதான் இருப்போம், மனிதர்கள்தானே. அப்போதும் சில காரியங்களைச் செய்யாமல் இருந்தால் பெரிய சேதம் வராது.

ஓடிபி பற்றிச் சொல்லியாயிற்று. பின் (PIN) எண்ணைப் பற்றி ஒரே விஷயம்: பணம் வாங்குவதற்கு அந்த எண் தேவையில்லை. "பணம் அனுப்புகிறேன், ஏற்றுக்கொள்ள பின் போடுங்கள்", "இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் உங்கள் கணக்கில் வரும்" என்பதெல்லாம் நம் பணம் வெளியே போகும் வழிகள்.

செயலி நிறுவச் சொன்னால் கவனம். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல நோக்கத்துக்காக உருவான, நேர்மையான செயலிகள்தான். தூரத்திலிருந்து இன்னொருவரின் கணினியைச் சரிசெய்ய உதவுகின்றன. அதே காரணத்துக்காகவே மோசடிக்காரருக்கும் பிடிக்கும். நம் திரை அவருக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டால் ஓடிபியை வாயால் சொல்லவே தேவையில்லை, செய்தி திரையில் எட்டிப் பார்க்கும்போதே அவர் படித்துக்கொள்வார். வாட்ஸ்அப்பில் திரையைப் பகிர்வதிலும் இதே ஆபத்து. கணினித் திரையில் "வைரஸ் தாக்கிவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று ஒரு பெட்டி வந்தால், அதுவும் இந்தக் கூட்டத்தின் வேலைதான். நிஜமான பிழைச் செய்தியில் தொலைபேசி எண் இருக்காது.

நட்சத்திரக் குறியோடு தொடங்கும் எண்ணை டயல் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். ஜிஎஸ்எம் என்ற செல்போன் வலையமைப்பில் **21* என்று தொடங்கி ஓர் எண்ணைப் போட்டு # என்று முடித்தால், நமக்கு வரும் எல்லா அழைப்புகளும் அந்த எண்ணுக்குத் திரும்பிவிடும். அதன்பின் வங்கியோ வாட்ஸ்அப்போ சரிபார்க்க அழைத்தால் எடுப்பது அவர்தான். ஏற்கெனவே ஏதோ டயல் செய்துவிட்டோமோ என்று சந்தேகம் இருந்தால் *#21# போட்டுப் பாருங்கள், திருப்பிவிடப்பட்டிருந்தால் காட்டும். ##002# எல்லாத் திருப்பல்களையும் நீக்கிவிடும்.

இன்னொன்று, நம் போனில் சிக்னல் காரணமில்லாமல் போய், பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இருந்தால் அலட்சியம் வேண்டாம். நம் பெயரில் யாரோ வேறு சிம் வாங்கியிருக்கலாம். வேறு போனிலிருந்து உடனே தொலைபேசி நிறுவனத்தையும் வங்கியையும் அழைக்க வேண்டும்.

அழைப்பை எடுத்ததனாலேயே பணம் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. நாம் எதையாவது சொல்ல வேண்டும், அழுத்த வேண்டும், நிறுவ வேண்டும். பயம் தேவைக்கு மேல் வளர்ந்துவிட்டால் அதையும் ஒருவர் பயன்படுத்திக்கொள்வார்.

"இதை எல்லாம் யார் நம்புவார்கள்?"

சில அழைப்புகள் சிரிப்பாக இருக்கும். பதிவுசெய்த குரல், தப்பும் தவறுமான மொழி, ஒன்பதை அழுத்துங்கள் என்ற கட்டளை. இவ்வளவு மட்டமான பொய்யை ஏன் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்? மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மக் ஹெர்லி 2012-இல் மின்னஞ்சல் மோசடிகளை வைத்து இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். ஒவ்வொருவரிடமும் பேசி வேலை செய்வதற்கு மோசடிக்காரருக்கு நேரமும் ஆளும் செலவாகிறது. பாதி வழியில் சுதாரித்துக்கொள்பவர்கள் அவருக்கு நஷ்டம். ஆகவே ஆரம்பத்திலேயே சிரிப்பவர்கள் விலகிவிடுவது அவருக்கு லாபம். ஒன்பதை அழுத்துபவர் தன்னைத் தானே தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார். சிரித்துவிட்டு வைத்த நாம் புத்திசாலிகள் என்று அர்த்தமில்லை, அந்த வலை நமக்காக வீசியதில்லை. நமக்கான கதையோடு வேறொருவர் வருவார்.

மோசடிக்காரரைப் பேசவிட்டு நேரத்தை வீணடிப்பதைச் சிலர் பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம்முடைய பெயர், முகவரி எல்லாம் வைத்திருப்பவரைச் சீண்டுவதில் என்ன லாபம்? அதோடு மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் ஒரு லட்சம் பேரும் இணைய மோசடி வேலைகளில் கட்டாயப்படுத்தி வைக்கப்பட்டிருக்கலாம் என்றது. வேலை என்று நம்பிப் போய்ச் சிக்கிக்கொண்டவர்கள் அவர்களில் ஏராளம். எல்லா அழைப்பும் அங்கிருந்து வருவதில்லைதான். இருந்தாலும், பேசாமல் வைத்துவிட்டு, தடைசெய்துவிட்டு, புகார் எண் இருந்தால் தெரிவித்துவிட்டுப் போவதே மேல்.

பணம் போய்விட்டால்

நேரம்தான் எல்லாம். அனுப்பிய பணம் முதல் கணக்கில் அதிக நேரம் தங்காது. பல கணக்குகளுக்குச் சிதறி, கிரிப்டோவாகவோ ரொக்கமாகவோ மாறிவிடும். அதற்குள் வங்கி அதை முடக்க வேண்டும். ஆகவே முதல் அழைப்பு வங்கிக்கு, அடுத்தது அந்தந்த நாட்டின் உதவி எண்ணுக்கு. இந்தியாவில் 1930, சிங்கப்பூரில் 1799, மலேசியாவில் 997. பிரிட்டனில் 159 என்று போட்டால் பெரும்பாலான வங்கிகளுக்கு நேரடியாக இணைத்துவிடுவார்கள். போலி எண்ணுக்கு இடமே இல்லாதபடி செய்த அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

செயலி எதையாவது நிறுவியிருந்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள், பிறகு அதை நீக்குங்கள், கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். கோபத்தில் அழைப்புப் பட்டியலையும் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். புகாருக்கு அவைதான் ஆதாரம்.

பணம் திரும்பி வருமா என்பது இடத்தைப் பொறுத்தது. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு உள்நாட்டுக் கணக்குக்குப் பணம் அனுப்பியவருக்கு, சில விலக்குகளைத் தவிர, 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டிய கடமை வங்கிகளுக்கு உண்டு. அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் ஆளுக்குப் பாதி ஏற்க வேண்டும். மோசடிக்காரருக்குக் கணக்குத் திறந்து கொடுத்ததும் ஒரு வங்கிதானே என்ற நியாயம் இதில் இருக்கிறது. "நீங்கள்தான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்" என்று வாடிக்கையாளர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டும் இடங்களில், வங்கிகளுக்குத் தங்கள் பக்கத்தைச் சரிசெய்ய என்ன அவசரம் இருக்கப்போகிறது?

கடைசியாக ஒன்று. பணம் இழந்தவரின் பெயர் இன்னொரு பட்டியலில் ஏறிவிடும். சில வாரங்களோ மாதங்களோ கழித்து வேறு குரல் அழைக்கும்: சைபர் பிரிவு, வழக்கறிஞர், மீட்பு நிறுவனம் என்று ஏதோ ஒரு பெயரில். எவ்வளவு போனது, எந்தத் தேதியில் போனது என்று துல்லியமாகச் சொல்வார்கள், ஏனென்றால் எடுத்தவர்களே அவர்கள்தான், அல்லது அவர்களிடமிருந்து பட்டியலை வாங்கியவர்கள். பணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், விடுவிக்க ஒரு சிறு கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்பார்கள். மீட்ட பணத்தைத் திருப்பித் தர எந்தக் காவல்துறையும் முன்பணம் வாங்குவதில்லை. அப்படி ஓர் அழைப்பு வந்தால், முதல் புகாரோடு அந்த எண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.